ஏலத் தொகை மட்டும் இடம் வாங்கித் தராது: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. கூகுளில் காசு கட்டிப் போடும் தேடல் விளம்பரம் எதனால் மேலே ஏறுகிறது, எதனால் கீழே இறங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முருகன்குறிச்சியில் உட்கார்ந்து நாள் முழுக்க நான் பார்க்கிற வேலையே இதுதான் என்பதால், இந்த இதழை இதற்கே ஒதுக்கிவிட்டேன். பதில்களில் அடிக்கடி வரப்போகும் ஒரு சொல்லை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு விளம்பரம் நூறு தடவை திரையில் தெரிந்து, அதில் ஐந்து தடவை யாராவது தட்டினால், அதன் கிளிக் விகிதம் 5 சதவீதம். தொழிலில் இதை சி.டி.ஆர். என்பார்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் கோரைப்பாய் நெய்து விற்கிற குடும்பம். "கல்யாணப் பாய்" என்று தேடுகிறவர்களுக்கு விளம்பரம் போட்டிருக்கிறோம். ஒரு கிளிக்குக் கூடிப்போனால் 15 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். சென்னையில் இருக்கிற பெரிய கடைக்காரர்கள் இதைவிட எவ்வளவோ கூட்டித்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் பல நேரம் எங்கள் விளம்பரம்தான் மேலே நிற்கிறது. "இது குருட்டு அதிர்ஷ்டம், சீக்கிரம் போயிரும்" என்கிறார் என் மச்சான். உண்மையா?
பாய் வியாபாரி, பத்தமடை

இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை, தம்பி. மச்சானுக்கு இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.

தேடல் விளம்பரத்தில் காட்டுவதற்குக் காசு கிடையாது. யாராவது தட்டினால்தான் காசு. ஆனித் தேரோட்டத்தன்று டவுன் ரத வீதியில் இடம் வைத்திருக்கிற ஒருவர், "வாடகை வேண்டாம், கடைக்குள் நுழைகிற ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும்" என்கிறார் என்று வையுங்கள். ஒரு கடைக்காரர் ஆளுக்கு 30 ரூபாய் தரத் தயார். ஆனால் அவர் கடையைக் கடந்து நூறு பேர் போனால் 2 பேர்தான் உள்ளே நுழைவார்கள். இன்னொருவர் 15 ரூபாய்தான் தருவார், ஆனால் நூற்றுக்கு 6 பேர் நுழைவார்கள். முதல் ஆளால் இடத்துக்காரருக்குக் கிடைப்பது 60 ரூபாய், இரண்டாவது ஆளால் 90. முனையில் இருக்கிற நல்ல இடத்தை அவர் யாருக்குக் கொடுப்பார்? அந்த 15 ரூபாய்க்காரர் நீங்கள்தான்.

இந்தக் கணக்கு முதலிலிருந்தே இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1998இல் அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய கோடூ டாட் காம் என்ற தேடல் தளம்தான் கிளிக்குக்கு ஏலம் என்ற முறையைப் பெரிதாக நடத்திக் காட்டியது. அங்கே யார் கூடுதல் தொகை சொன்னாரோ அவர் மேலே, அவ்வளவுதான். கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியபோது ஆயிரம் தடவை காட்டுவதற்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தது. 2002 பிப்ரவரியில் கிளிக் ஏலத்துக்கு மாறியது. மாறும்போதே, விளம்பரதாரர் சொன்ன தொகையைக் கிளிக் விகிதத்தால் பெருக்கி, வருகிற எண்ணை வைத்து வரிசைப்படுத்தியது. கோடூ பிறகு ஓவர்ச்சர் என்று பெயர் மாறி, 2003இல் யாஹூ கைக்குப் போனது. அவர்கள் தொகையோடு விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது 2007இல்தான். சின்னக் கடைக்காரருக்கு உண்மையான கதவைத் திறந்துவிட்டது அந்த 2002ஆம் வருடப் பெருக்கல்தான் என்பது என் தீர்மானமான கருத்து. அது இல்லையென்றால் பத்தமடை எப்போதும் சென்னைக்குக் கீழேதான் நின்றிருக்கும்.

இப்போது இன்னும் முக்கியமான விஷயம், நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது. 15 ரூபாய் என்பது உங்கள் உச்சவரம்பு. தருகிற விலை அது இல்லை. உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்டுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் பிடிப்பார்கள். அவருடைய எண் 60. உங்களுடைய 6 சதவீதத்தை வைத்து 60ஐ எட்ட 10 ரூபாய் போதும். ஆக, கிளிக்குக்கு 10 ரூபாயும் கொஞ்சம் பைசாவும். அவருக்குக் கீழே மூன்றாவது ஒருவர் 20 ரூபாய் சொல்லி 2 சதவீதம் வைத்திருந்தால் அவருடைய எண் 40. இரண்டாவது இடத்துக்காரர் தன் 2 சதவீதத்தை வைத்து அந்த 40ஐத் தாண்ட 20 ரூபாய் கொடுக்க வேண்டும். கீழே நிற்கிறவர் 20, மேலே நிற்கிற நீங்கள் 10!

இதையே திருப்பிப் பாருங்கள். உங்கள் விளம்பரம் மந்தமாகி, 6 சதவீதம் 3 ஆகிவிட்டது என்றால் உங்கள் எண் 45. இரண்டாவது இடத்துக்கு இறங்குவீர்கள். அங்கே 40ஐத் தாண்ட 13 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டிவரும். இடமும் போச்சு, விலையும் கூடிப்போச்சு. நம்ம ஆட்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் பதறி பிட்டை, அதாவது ஏலத் தொகையை, ஏற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது விளம்பரத்தை.

சரி, நான் போட்டது எலும்புக்கூடு மட்டும்தான். இன்றைய கணக்கில் இன்னும் சில சேர்ந்திருக்கின்றன. பழைய கிளிக் விகிதத்தை அப்படியே எடுக்காமல், இந்தத் தேடலில், இந்த நேரத்தில், இந்த ஊரில், இந்தப் போனில் தட்டுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக மதிப்பிடுகிறார்கள். விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, தட்டினால் திறக்கும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதும் சேரும். விளம்பரத்தோடு ஒட்டிவரும் போன் பொத்தான், முகவரி, கூடுதல் இணைப்புகள் எல்லாம் எவ்வளவு உதவும் என்பதும் சேரும்.

மச்சான் சொன்னதில் ஒரு பாதி மட்டும் கவனிக்க வேண்டியது. கவனிக்காமல் விட்டால் போய்விடும். உங்களைப் போல் ஒரு பாய்க் கடைக்கு, மக்கள் என்ன தட்டச்சு செய்தபோது விளம்பரம் வந்தது என்ற பட்டியலை எடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். "பெயர் நெய்த கல்யாணப் பாய்" இருந்தது, "பத்தமடை பட்டுப்பாய் விலை" இருந்தது, நல்லது. கூடவே "யோகா பாய்", "பிளாஸ்டிக் பாய் மொத்த விலை", அப்புறம் "பாய் கடை பிரியாணி" வரிசையாக இருந்தன! பிரியாணி தேடுகிறவர் கோரைப்பாயைத் தட்டப்போவதில்லை. தப்பித்தவறித் தட்டினாலும் உங்கள் காசுதான் போகும். பிரியாணி, யோகா, பிளாஸ்டிக், ஹோட்டல் எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்ட் பட்டியலில் போட்டுவிடுங்கள். அந்தச் சொல் வந்தால் உங்கள் விளம்பரம் ஏலத்துக்கே போகாது.

விளம்பர வாசகத்திலும் அந்தக் கடைக்கு ஒரு மாற்றம் செய்தோம். முன்பு தலைப்பு "தரமான கோரைப்பாய்கள்" என்று இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. அதை "மணமக்கள் பெயர் நெய்த பாய்" என்று மாற்றி, அடுத்த வரியில் ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைச் சேர்த்தோம். கல்யாணத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற அம்மாவுக்கு வேண்டியது அந்த இரண்டு தகவல்தான். சென்னைக் கடைக்காரரால் அதை எழுத முடியாது, ஏனென்றால் அவரிடம் தறி இல்லை. உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: காலையில் கடை திறந்ததும் நானும் மேனேஜரும் ஆளுக்கொரு போனில் எங்கள் லாட்ஜ் விளம்பரம் வருகிறதா என்று தேடிப் பார்ப்போம். தட்டமாட்டோம், காசு போய்விடும் என்று தெரியும். என் மகன் பார்ப்பதே தப்பு என்கிறான்.
லாட்ஜ் உரிமையாளர், குற்றாலம்

மகன் சொல்வதுதான் சரி, அண்ணாச்சி. நீங்கள் தட்டாமல் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் "காட்டினோம், தட்டவில்லை" என்று கணக்கில் விழுகிறது. பெரிய நிறுவனத்துக்கு இது தூசி. உங்களுக்கு அப்படி இல்லை. ஒரு நாளைக்கு 40 தடவை தெரிந்து 3 பேர் தட்டினால் 7.5 சதவீதம். அந்த 40இல் 10 நீங்களும் மேனேஜரும் பார்த்தது என்றால், உண்மையான வாடிக்கையாளர் கணக்கு 30க்கு 3, அதாவது 10 சதவீதம். உங்கள் விளம்பரத்தை நீங்களே கீழே இழுக்கிறீர்கள். அதோடு, திரும்பத் திரும்பக் காட்டியும் நீங்கள் தட்டாததால், "இந்த ஆளுக்கு இதில் விருப்பமில்லை" என்று உங்கள் போனில் காட்டுவதையே நிறுத்திவிடவும் கூடும். அப்போது "விளம்பரம் வரவில்லை" என்று பதறி எனக்குப் போன் வரும்.

கணக்குக்குள்ளேயே "ஆட் ப்ரிவ்யூ அண்ட் டயக்னாசிஸ்" என்று ஒரு கருவி இருக்கிறது. ஊரையும் மொழியையும் கொடுத்தால், மதுரையில் இருப்பவருக்கு எப்படித் தெரிகிறது, திருவனந்தபுரத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டும். கணக்கில் ஏறாது. சாரல் சீசனுக்கு வருகிறவர்கள் தேடுவது அவர்கள் ஊரிலிருந்துதானே. குற்றாலத்தில் உட்கார்ந்து தேடிப் பார்ப்பதில் உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது.

சீசன் முடிந்து நிறுத்திவைத்தால் பழைய நல்ல பெயர் போய்விடுமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். போகாது. நிறுத்தியிருக்கிற காலத்தில் காட்டுவதும் இல்லை, தட்டாமல் விடுவதும் இல்லை. ஜூன் பிறந்ததும் தைரியமாகத் திறங்கள்.

கேள்வி: எங்கள் அப்பள விளம்பரத்துக்கு சி.டி.ஆர். 2 சதவீதம் காட்டுகிறது. மதுரையில் ஊறுகாய் விற்கிற என் சிநேகிதி 5 சதவீதம் என்கிறாள். பிட்டை ஏற்றினால் சி.டி.ஆர். ஏறும், அதனால் தரமும் ஏறும் என்று அவள் யோசனை சொல்கிறாள். செய்யலாமா?
அப்பளம் தயாரிப்பாளர், கல்லிடைக்குறிச்சி

செய்யாதீர்கள். மேலே நிற்கிற விளம்பரத்தைக் கூடுதல் பேர் தட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது, கூகுளுக்கும் தெரிந்தது. அதனால் மதிப்பிடும்போது இடத்தினால் வந்த ஆதாயத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். பிட்டை ஏற்றினால் திரையில் சதவீதம் ஏறும், கணக்கில் உங்கள் தகுதி ஏறாது. காசு மட்டும் கூடுதலாகப் போகும்.

அப்புறம், 2 சதவீதம் என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு கவலைப்படுவதே வேண்டாம். அது ஒரு கலவை. நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். உங்கள் கடைப் பெயரையே போட்டுத் தேடுகிறவர்களில் மூன்றில் ஒருவர் தட்டுகிறார். "கல்லிடைக்குறிச்சி அப்பளம்" என்று தேடுகிறவர்களில் 9 சதவீதம், அது மிக நல்ல எண். "அப்பளம்" என்ற வெறும் சொல்லுக்கு 1 சதவீதம்கூட இல்லை. காரணம் என்ன? அதைத் தேடுகிறவர்களில் பலருக்கு அப்பளம் பொரிப்பது எப்படி, அப்பளக் குழம்பு வைப்பது எப்படி என்று தெரிந்தால் போதும். அவர்கள் சமையலறையில் நிற்கிறார்கள், கடையில் நிற்கவில்லை.

ஏலம் ஒவ்வொரு தேடலுக்கும் தனித்தனியாக நடக்கிறது. "கல்லிடைக்குறிச்சி அப்பளம்" தேடலில் உங்கள் பலம் அப்படியே இருக்கிறது. வெறும் "அப்பளம்" அதைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம், அது உங்கள் காசைத்தான் கரைக்கிறது. அதை நிறுத்திவிட்டு "அப்பளம் மொத்த விலை", "கல்யாணத்துக்கு அப்பளம் ஆர்டர்" என்று வாங்குகிற எண்ணம் தெரிகிற சொற்களை வையுங்கள். "செய்முறை", "குழம்பு" இரண்டையும் நெகட்டிவ் பட்டியலில் போடுங்கள்.

இன்னொன்று, உங்கள் கணக்கில் டிஸ்ப்ளே நெட்வொர்க்கையும் சேர்த்தே ஓடவிட்டிருக்கிறீர்கள். அது மற்ற இணையதளங்களில் ஓரத்தில் தெரிகிற விளம்பரம். அங்கே யாரும் அப்பளத்தைத் தேடி வரவில்லை, செய்தி படிக்க வந்திருக்கிறார்கள். கிளிக் விகிதம் எப்போதும் அடியில்தான் கிடக்கும். தேடலில் உங்கள் இடத்தை அது பாதிப்பதில்லை, ஆனால் மொத்தக் கணக்கைப் பார்க்கும்போது உங்களை வீணாகப் பயமுறுத்துகிறது. பிரித்துவிடுங்கள். சிநேகிதியின் 5 சதவீதத்தில் எவ்வளவு அவர் கடைப் பெயரைத் தேடி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஊறுகாயோடு அப்பளத்தை நிறுத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையம் நடத்துகிறோம். விளம்பரத் தலைப்பில் "இலவசப் பயிற்சி" என்று சேர்த்தோம் (முதல் வகுப்பு மட்டும்தான் இலவசம்). ஆயிரம் தடவை காட்டினால் 40 கிளிக் வந்த இடத்தில் 90 வருகிறது. ஒரு கிளிக் விலையும் 25 ரூபாயிலிருந்து 20க்கு இறங்கிவிட்டது. ஆனால் சேர்க்கை விசாரித்து வருகிற போன் மட்டும் அதே 8தான். எங்கே தப்பு?
பயிற்சி மைய நிர்வாகி, அம்பாசமுத்திரம்

நீங்களே கொடுத்த எண்களைப் பெருக்கிப் பாருங்கள். முன்பு 40 கிளிக்குக்கு 1,000 ரூபாய் செலவழித்து 8 போன், ஒரு போனுக்கு 125 ரூபாய். இப்போது 90 கிளிக்குக்கு 1,800 ரூபாய் செலவழித்து அதே 8 போன், ஒரு போனுக்கு 225 ரூபாய். கிளிக் மலிவானது, மாணவர் விலை ஏறிவிட்டார்.

கிளிக் விகிதம் ஏறினால் இடமும் விலையும் நமக்குச் சாதகமாகும் என்று இவ்வளவு நேரம் சொன்னவள் நான்தான். அது ஏலத்தின் கணக்கு. உங்கள் கடையின் கணக்கு வேறு, அதில் கூகுளுக்குப் பங்கில்லை. தட்டியவர் கட்டணம் கட்டிச் சேருகிறாரா, அரை நிமிடத்தில் ஓடிவிடுகிறாரா என்பதைப் பொருட்படுத்தாமல் 20 ரூபாய் பிடித்தாகிவிட்டது. வேண்டாத ஆளைக் கதவுக்கு வெளியிலேயே திருப்பி அனுப்புவதும் நல்ல விளம்பரத்தின் வேலை.

"இலவசம்" என்று தேடுகிற பிள்ளைகள் யார் என்று யோசியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் உண்மையிலேயே இலவசமாக வகுப்பு நடக்கிறது. அவர்கள் தேடுவது அதைத்தான். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை உங்கள் விளம்பரத்தைத் தட்டி, உள்ளே வந்து, கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அந்தப் பிள்ளையின் நேரமும் வீண், உங்கள் பணமும் வீண். இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: அந்தச் சொல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். "முதல் வகுப்பு இலவசம்" என்று முழுசாக எழுதுங்கள், கட்டணம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் போடுங்கள். கிளிக் விகிதம் கொஞ்சம் இறங்கும். இறங்கட்டும். போனுக்கு எவ்வளவு செலவு என்பதை எழுதிவைத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் எண்.

போகிறபோக்கில் ஒன்று. உங்கள் இட அமைப்பில் "இந்த ஊரில் இருப்பவர்கள் அல்லது இந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள்" என்று இருக்கும். முதலில் வருவதே அப்படித்தான் வரும். லாட்ஜுக்கு அது நல்லது, ஊருக்கு வெளியே இருப்பவர்தானே அறை தேடுகிறார். தினமும் வந்துபோக வேண்டிய வகுப்புக்கு அது வேண்டாம். "இருப்பவர்கள்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, சேரன்மாதேவி, வீரவநல்லூர், விக்கிரமசிங்கபுரம் என்று பஸ்ஸில் வரக்கூடிய ஊர்களைச் சேருங்கள்.

கேள்வி: கருப்பட்டிக்கு விளம்பரம் தமிழில் போடுவதா, ஆங்கிலத்தில் போடுவதா? எதில் சி.டி.ஆர். கூடுதலாக வரும்?
கருப்பட்டி வியாபாரி, உடன்குடி

எந்த எழுத்தில் தேடுகிறார்களோ அந்த எழுத்தில். "பனங்கருப்பட்டி" என்று தமிழில் தட்டச்சு செய்கிறவருக்குத் தமிழ்த் தலைப்பு. அதையே ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுத்துக்கூட்டித் தேடுகிறவர்கள் ஏராளம். அவர்களும் பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான், தமிழ்த் தலைப்பைப் பார்த்தால் தட்டுவார்கள். "பாம் ஜாக்கரி" என்று தேடுகிற பெங்களூர்க்காரருக்கு ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். இந்த மூன்றையும் ஒரே குழுவில் போட்டுக் கலக்காமல், தனித்தனி விளம்பரக் குழுவாகப் பிரியுங்கள். கூகுள் விளம்பரம் தமிழை ஏற்றுக்கொண்டது 2018இல்தான். அதற்கு முன்பு இந்த வசதிக்கு நாம் ஏங்கியிருக்கிறோம், கிடைத்ததைப் பயன்படுத்துங்கள்.

மொழி அமைப்பில் தமிழை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். நம்ம ஊரில் பாதிப் பேர் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் தேடுகிறவர்கள். இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

தலைப்பில் "சீனி கலக்காதது" என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையிலேயே கலக்கவில்லை என்றால் அதைவிட நல்ல தலைப்பு கிடையாது. கருப்பட்டி வாங்குகிறவரின் முதல் சந்தேகமே அதுதான். தட்டியதும் திறக்கிற பக்கத்திலும் அதையே முதல் வரியாகச் சொல்லுங்கள், பதநீர் காய்ச்சுகிற படத்தைப் போடுங்கள். படம் கனமாக இருந்து போனில் திறக்கத் தாமதமானால் ஆள் போய்விடுவார், சுருக்கிப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் வாழைத்தார் மொத்த வியாபாரத்துக்கு நான் ஒருவன்தான் விளம்பரம் போடுகிறேன். போட்டியே இல்லை. ஆனாலும் சில நேரம் பக்கத்தின் அடியில் வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. ஏன்?
வாழைத்தார் வியாபாரி, களக்காடு

மற்றவரைத் தாண்டினால் மட்டும் போதாது, கூகுள் வைத்திருக்கிற குறைந்தபட்ச வரம்பையும் தாண்ட வேண்டும். மேலே வருவதற்கான வரம்பு அடியில் வருவதற்கானதைவிட உயரம். ஆளே இல்லாத ஏலத்திலும் மந்தமான விளம்பரத்துக்கு மேலிடம் கிடைக்காது. உங்கள் தலைப்பு "வாழை" என்று மட்டும் இருக்கிறது, அண்ணாச்சி. வாழைக்கன்று தேடுகிறவரும் வாழை இலை தேடுகிறவரும் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எந்த ரகம், குறைந்தது எத்தனை தார், லோடு எங்கே ஏற்றலாம் என்று எழுதுங்கள். போன் பொத்தானைச் சேருங்கள், மொத்த வியாபாரி பக்கம் பக்கமாகப் படிக்கமாட்டார், பேசத்தான் செய்வார். அந்தப் பொத்தானைத் தட்டினாலும் ஒரு கிளிக் விலைதான்.

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடை விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிற ஒருவர், "உங்கள் குவாலிட்டி ஸ்கோர் 3தான் இருக்கிறது, அதை 10 ஆக்கி எப்போதும் முதலிடத்திலேயே நிறுத்துகிறேன்" என்று மாதக் கட்டணத்துக்கு மேல் பெரிய தொகை முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
ஜவுளிக் கடை, மேலப்பாளையம்

எப்போதும் முதலிடம் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. ஒவ்வொரு தேடலுக்கும் ஏலம் புதிதாக நடக்கிறது, தேடுகிற ஆள், ஊர், நேரம், போட்டியாளர் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். சராசரி இடம் என்ற எண்ணைக்கூட 2019 செப்டம்பரில் கூகுள் எடுத்துவிட்டது. எத்தனை சதவீதம் தடவை மேற்பகுதியில் தெரிந்தீர்கள், எத்தனை சதவீதம் முதலாவதாகத் தெரிந்தீர்கள் என்று மட்டும்தான் இப்போது காட்டுகிறார்கள்.

அந்த 3 என்பதை அவர் பயமுறுத்தப் பயன்படுத்துகிறார். ஒன்றிலிருந்து பத்து வரைக்குமான அந்த எண் ஏலத்துக்குள் போவதே இல்லை. ஏலத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் போடுகிற மதிப்பீடு வேறு. இந்த எண் எங்கே குறை என்று உங்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. அதன் மேல் விரலை வைத்தால் மூன்று வரிகள் தெரியும்: எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதம், விளம்பரப் பொருத்தம், திறக்கும் பக்கத்தின் தரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று இருக்கும். கடந்த 90 நாளில் அதே சொல்லுக்கு விளம்பரம் போட்ட மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சொல்வது அது. உங்களுக்கு எந்த வரி கீழே இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். கிளிக் விகிதம் கீழே என்றால் வாசகத்தையும் சொற்பட்டியலையும் திருத்த வேண்டும். பக்கம் கீழே என்றால், "பெருநாள் புடவை" என்று தட்டியவருக்குக் கடையின் முகப்புப் பக்கம் திறக்கிறதா, பெருநாள் புடவைகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் மாதக் கட்டணத்துக்குள் செய்ய வேண்டிய சாதாரண வேலை.

முன்பணம் கொடுக்கும் முன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கடையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், அவருக்கு உள்ளே வந்து வேலை பார்க்கிற அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். இத்தனை நாள் உங்கள் காசில் சேர்ந்த தேடல் பட்டியலும் கிளிக் வரலாறும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. அவருடைய பெயரில் இருந்தால், முதலில் உங்கள் கடையின் மின்னஞ்சலை அட்மின் அனுமதியோடு சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். "அதெல்லாம் முடியாது" என்று சொன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், உங்கள் பெயரில் புதுக் கணக்குத் திறங்கள். கடந்த மூன்று மாதத் தேடல் பட்டியலை மட்டும் எப்படியாவது கேட்டு வாங்கிவிடுங்கள், புதுக் கணக்கில் எந்தச் சொல்லை வைப்பது, எதைத் தள்ளுவது என்று முதல் நாளே முடிவெடுக்க அது உதவும்.